சித்தன்னவாசல் கல்லில் ஒரு வரி

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "அரை மணி நேரம் பேசுங்க சார், நம்ம ஜில்லாவைப் பற்றி எதாவது பேசுங்க, ஆனா தூங்க வைச்சுடாதீங்க" என்றார். முதல் இரண்டையும் செய்துவிடலாம். மூன்றாவது, மதியச் சாப்பாடு பலமாக இருந்ததால், என் கையில் இல்லை.

நம் மாவட்டம் என்றால் பேசுவதற்குப் பஞ்சமில்லை. குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் ஏழு பண்களுக்கு ஸ்வரம் வெட்டி வைத்திருக்கிறார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். எனக்கு அந்த ஞானம் போதாது. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன சமாசாரம். சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டம் குகையில் இருக்கிற ஒரே ஒரு வாக்கியம். அதைக் கண்டுபிடித்த கதையும், படித்த கதையும். இரண்டும் ஒன்றில்லை என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் ஓவியம்தான் நினைவுக்கு வரும். தாமரைக் குளம், பூப்பறிக்கும் துறவி, யானை, அன்னம், மீன். நம் பள்ளிக்கூட உல்லாசப் பயணம் எல்லாமே அந்தக் குடைவரைக் கோயிலோடு முடிந்துவிடும். வாத்தியார் தலை எண்ணுவார், புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்போம், பஸ் ஏறிவிடுவோம். ஓவியம் உள்ள அறிவர் கோயில் மலையின் மேற்குப் பக்கம் இருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்த இடம் மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளால் 'ஏழடிப்பட்டம்' என்று பெயர். இயற்கையான குகை. உள்ளே தரையை வழவழப்பாகச் செதுக்கி, தலைமாட்டில் கொஞ்சம் மேடு விட்டு, பதினேழு கல் படுக்கைகள். சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இடம். தலையணை கூடக் கல்தான். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கக் கூச்சமாக இருக்கும்.

அந்தப் படுக்கைகளில் பெரியதும் பழையதுமான ஒன்றை ஒட்டித்தான் நான் சொல்லும் வரி வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்து தமிழ் பிராமி. காலம் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று கல்வெட்டு அறிஞர்கள் கணிக்கிறார்கள். ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளுவோரும் உண்டு. மற்றப் படுக்கைகளில் பிற்காலத் தமிழ் எழுத்தில் திருநீலன், பூர்ணச்சந்திரன் என்று துறவிகளின் பெயர்கள் இருக்கின்றன. அதாவது எழுநூறு, எண்ணூறு ஆண்டு கழித்தும் அங்கே ஆள் இருந்திருக்கிறது.

இந்த எழுத்தை யார் கண்டுபிடித்தார்கள்? "கண்டுபிடித்தது" என்ற சொல்லே இங்கே கொஞ்சம் வேடிக்கைதான். மாடு மேய்த்தவனும் தேன் எடுக்கப் போனவனும் அந்தக் கீறல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான் இருப்பார்கள். கல்வெட்டுத் துறையின் பதிவேட்டில் அது ஏறியது 1914-இல். அப்போது இது புதுக்கோட்டை சமஸ்தானம். நம் கல்லூரியின் முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் வெளியிட்ட புதுக்கோட்டை வரலாற்று நூலில் சித்தன்னவாசலைப் பற்றி எழுதினார். கல்லூரி முதல்வர் ஒருவர், நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டு ஒரு சமஸ்தானத்தின் வரலாற்றை முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். 1929-இல் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் தனிப் புத்தகமாகவே அச்சாகிவிட்டது. சின்ன சமஸ்தானம், பெரிய வேலை.

கல்வெட்டை எப்படிப் படி எடுப்பார்கள் என்று இங்கே இருக்கிற இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நனைத்த காகிதத்தை மேலே ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும், துணிப் பந்தில் மை தோய்த்து மேலே ஒற்ற வேண்டும். பள்ளத்தில் மை படாது. எழுத்து வெள்ளையாக, சுற்றிலும் கறுப்பாக வரும். இதுதான் மைப்படி. கேட்க எளிதாக இருக்கிறது. குகைக்குள் குனிந்து, முதுகு பாறையில் இடிக்க, வியர்வை காகிதத்தில் சொட்டாமல் செய்து பாருங்கள், தெரியும். இதில் இன்னொரு சங்கடம் உண்டு. கல்லில் இயற்கையாக இருக்கிற வெடிப்பும் வெள்ளையாகத்தான் விழும். எது உளி போட்ட கோடு, எது மழை போட்ட கோடு என்று காகிதம் சொல்லாது.

சரி, படி எடுத்தாயிற்று. படிக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

இதை விளக்க, உங்களைக் கொஞ்ச நேரம் மத்தியதரைக் கடலுக்கு அழைத்துப் போகிறேன். பயப்படாதீர்கள், திரும்பக் கூட்டி வந்துவிடுவேன். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் என்று ஒரு பெரிய வணிக நகரம் இருந்தது. பினீசியர்கள் குடியேறி உண்டாக்கிய ஊர். ரோமானியர்கள் கி.மு. 146-இல் அதை அழித்தார்கள். அவர்களுடைய எழுத்து கல்லில் மிஞ்சியது. படிக்கத்தான் ஆள் இல்லை. பிறகு மால்டா தீவில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டு பளிங்குத் தூண்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அண்ணன் தம்பி இருவர் மெல்கார்ட் என்ற தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வைத்தவை. அவற்றில் மேலே பினீசிய எழுத்து, கீழே அதே சங்கதி கிரேக்கத்தில். கிரேக்கம் தெரிந்த மொழி. அதைப் பிடித்துக்கொண்டு பிரான்சு நாட்டு அறிஞர் பார்த்தெலமி 1758-இல் பினீசிய எழுத்தைப் படித்துவிட்டார். அந்தத் தூண்களில் ஒன்று இன்று பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில், மற்றொன்று மால்டாவிலேயே இருக்கிறது.

அந்த எழுத்தில் இருபத்திரண்டும் மெய்யெழுத்துதான். உயிர் எழுதுவது கிடையாது. 'ம க ன' என்று எழுதியிருந்தால் அது மகனா, மகானா, முகனா என்று படிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும். நம் பிராமியின் பூர்வீகமும் மேற்காசியாவின் அரமேய எழுத்துத்தான், அது பினீசியத்தின் பிள்ளை என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இல்லை, இங்கேயே பிறந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர்களுக்கு உயிர் இல்லாத குறை. நமக்கு வந்ததோ உயிர் ஒட்டிக்கொண்டு போகாத தொல்லை.

எப்படி என்றால், அசோகர் காலத்து வடநாட்டுப் பிராமியில் 'க' என்று எழுதினால் அதற்குள் அகரம் தானாகவே இருக்கும். மெய் மட்டும் தனியாக வேண்டுமென்றால், அடுத்த எழுத்தோடு சேர்த்துக் கூட்டெழுத்தாக எழுதிவிடுவார்கள். பிராகிருதத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது. நமக்கு அவன், வந்தாள், ஊர், மகன் என்று சொல்லுக்குச் சொல் கடைசியில் மெய் நிற்கிறது. அதற்கு என்ன செய்வது? இன்று புள்ளி வைக்கிறோம். தொல்காப்பியமும் மெய்க்குப் புள்ளி என்று விதி சொல்கிறது. ஆனால் மிகப் பழைய குகைக் கல்வெட்டுகளில் புள்ளி கிடையாது. அந்தக் காலத்து ஆள் வேறு ஒரு வழி பண்ணியிருக்கிறான். வெறும் எழுத்து என்றால் மெய். அகரம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. வடநாட்டு வழக்கில் அந்தக் கோடு ஆகாரக் குறி. ஆக, தமிழன் 'மகன்' என்று எழுதியதை வடநாட்டு முறைப்படி படித்தால் 'மாகான' என்று வரும்! மாகான என்று எந்த மொழியில் என்ன பொருள்? அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் படித்தது 1837-இல். அதனால் எழுத்துக்கு எழுத்து ஒலி தெரியும். எழுத்து தெரிந்தது, சொல் தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு முன்முடிவும் சேர்ந்துகொண்டது. இலங்கையில் இதே மாதிரி குகைகள் இருக்கின்றன, அவை பௌத்தத் துறவிகளுடையவை, அங்கே மொழி பிராகிருதம். ஆகவே இங்கேயும் பௌத்தம், இங்கேயும் பாலியோ பிராகிருதமோ என்று தொடக்கத்தில் நினைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி எல்லாம் மலை போன்ற படிப்பாளிகள். கிருஷ்ண சாஸ்திரிக்குத் தமிழ்ச் சொற்கள் கலந்திருப்பது கண்ணில் பட்டது. ஆனால் மொத்தமும் தமிழ் என்று அவர் துணியவில்லை.

துணிந்தவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். 1924-இல் சென்னையில் கூடிய மூன்றாவது அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் இதைக் கட்டுரையாக வாசித்தார். அவர் வாதம் ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை மாதிரி அழகானது. இந்தக் கல்வெட்டுகளில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்தார்: ழ, ள, ற, ன இருக்கின்றன. எது இல்லை என்றும் பார்த்தார். வடமொழிகளில் வரிக்கு வரி வருகிற 'ga', 'ja', 'ba' போன்ற மெல்லொலிகளுக்கும், 'kha', 'gha' போன்ற மூச்சொலிகளுக்கும் உரிய எழுத்துகள் — இங்கே நம் எழுத்தில் எழுதிக் காட்டக்கூட முடியவில்லை பாருங்கள், அதுதான் அவர் வாதமே — அநேகமாகக் காணோம். பிராகிருதம் எழுதுகிறவன் அவற்றை விட்டுவிட்டு எழுத முடியுமா? முடியாது. அப்படியானால் இது தமிழ். வந்த எழுத்தைவிட வராத எழுத்துதான் இங்கே பலமான சாட்சி.

அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. ஐராவதம் மகாதேவன், ஐ.ஏ.எஸ். அதிகாரி, 1960-களில் இந்தக் குகைகளுக்கு நேரில் போனார். புகளூரில் சேர மன்னர் பெயர்களையும், மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும் அடையாளம் காட்டினார். ஆந்திரத்தில் 1892-இல் கிடைத்த பட்டிப்புரோலுக் கல்வெட்டிலும் அகரத்துக்குத் தனிக் கோடு போடுகிற பழக்கம் இருப்பதை ஒப்பிட்டு, எந்தக் கல்வெட்டை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார். தொண்ணூறுகளில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடியும் குகை குகையாக ஏறி, கல்லின் மேலேயே தாளை வைத்து வரிவடிவம் எடுத்தார். மைப்படியை நம்பாமல் கல்லையே பார்த்தார். 2003-இல் அவருடைய பெரிய நூல் வந்தது. 2018-இல் காலமானார்.

இதிலே பழைய ஆட்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் தாத்தா காலத்து ஓலைச் சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். பழைய கிரயப் பத்திரத்திலும் புள்ளி அபூர்வம். கணக்குப்பிள்ளைமார்கள் அதைத் தண்ணீர் மாதிரிப் படிப்பார்கள். மொழி தெரிந்தவனுக்குப் புள்ளி தேவையில்லை. புள்ளியில்லாத கல்வெட்டைப் படிக்கவும் முதலில் "இது என் மொழி" என்ற சந்தேகமாவது வர வேண்டும்.

சரி, அந்த வரி என்னதான் சொல்கிறது? இன்றைய எழுத்தில் கிட்டத்தட்ட இப்படி: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்குச் சிறுபோசில் இளயர் செய்த அதிட்டானம். அதிட்டானம் என்றால் இருக்கை, படுக்கை. அவ்வளவுதான். ராஜா பெயர் இல்லை, போர் இல்லை, "சந்திர சூரியர் உள்ளவரை" என்ற வாசகம் இல்லை. ஒருத்தர் வந்தார், இன்னொருத்தர் அவருக்குப் படுக்கை செய்து கொடுத்தார்.

இந்தச் சின்ன வாக்கியத்துக்குள்ளும் எத்தனை வழக்கு! முதல் சொல்லை முன்பு 'எஓமி நாடு' என்று படித்தார்கள். அப்படி ஒரு நாடு எங்கே என்று தேடினார்கள். ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி 'எருமி' என்று படித்ததும் கதவு திறந்தது. எருமை நாடு, அதாவது மகிஷ மண்டலம், இன்றைய மைசூர்ப் பக்கம். அடுத்து, 'தென்கு' என்பதை முன் எழுத்தோடு சேர்த்தால் 'ஈதென்கு', ஈதென் என்ற ஆளுக்கு என்று வரும். பின் சொல்லோடு சேர்த்தால் தென்திசைச் சிறுபோசில் என்று ஓர் ஊராகிவிடும். கல்லில் வெட்டியவன் சொல்லுக்குச் சொல் இடம் விடவில்லையே, என்ன செய்வது? இடம் விடாமல் எழுதினால் ஒரு மனிதனே காணாமல் போய்விடுகிறான், பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. எருமை என்று தமிழில் சொல்ல வேண்டியதை 'எருமி' என்று வெட்டியிருக்கிறார்கள். 'காவுடி' என்ற சொல்லும், 'போசில்' என்ற சொல்லும் பழங்கன்னடத்தின் சாயல் உடையவை என்று மகாதேவன் எடுத்துக்காட்டினார். போசில் என்பது நம் வாயில். கன்னடக்காரர்கள் இன்றைக்கும் வாசற்படியை ஹொசிலு என்கிறார்கள். பழைய பகரம் ஹகரமாகிவிட்டது. சிறுபோசில் என்றால் சிறுவாயில். மலைக்கும் வாசல், பக்கத்து ஊர் அன்னவாசலுக்கும் வாசல். இந்தச் சிறுவாயிலுக்கும் அந்த வாசல்களுக்கும் உறவு இருக்குமோ என்பது என் ஆசை. ஊகம்தான், யாரும் என்னை மேற்கோள் காட்ட வேண்டாம்.

மைசூர்ப் பக்கத்தில் பிறந்த ஒரு துறவி காட்டு வழியாக நடந்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இங்கே தங்க இடம் கொடுத்தார்கள். பிறந்த ஊரை மறைக்கவில்லை. நாடு, ஊர், பெயர் எல்லாவற்றையும் அவர் பேச்சு வாசனையோடேயே கல்லில் போட்டார்கள். நம் ஜில்லாவில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, வெளியூர்க்காரர் ஒருவருக்குப் படுக்கை செய்து கொடுத்த கணக்கு.

வெளியூர் என்றதும் இன்னொன்று. 1898-இல் நம் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் அகப்பட்டது. ஐந்நூற்றொன்று ரோமானியத் தங்கக் காசுகள். பெரும்பாலான காசுகளில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. கார்த்தேஜை அழித்தார்களே, அதே ரோமாபுரியின் காசு. ஆகவே மால்டாவைப் பற்றிப் பேசியபோது "இது எதுக்கு நமக்கு" என்று நெளிந்த நண்பர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கடலின் தங்கம் ஆலங்குடிப் பக்கத்து மண்ணுக்குள் கிடந்தது. பொற்பனைக்கோட்டையில் 2021-இலும் 2023-இலும் அகழாய்வு நடந்தது. மண்ணுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறதோ.

இனி கொஞ்சம் கசப்பு. கல் இரண்டாயிரம் ஆண்டு தாங்கும். நம்மைத் தாங்குமா என்பது சந்தேகம். குகைகளிலும் கோயில்களிலும் பெயர் கிறுக்குகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். இன்னார் நேசிக்கும் இன்னாள், பிளஸ் டூ பி பிரிவு. அதைவிட மோசம், நல்ல எண்ணத்தோடு செய்கிற கெடுதல். போட்டோவில் எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தின் மேலேயே எழுதுகிறார்கள். அவர்கள் கை எங்கே போகிறதோ அதுதான் பிறகு எழுத்து என்று ஆகிவிடுகிறது. வெடிப்பு எழுத்தாகும், எழுத்து வெடிப்பாகும். ஒரு எழுத்தை மாற்றிப் படித்தால் எருமை நாடே காணாமல் போனதை இப்போதுதானே பார்த்தோம். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும். பத்து ரூபாய் பேட்டரி செய்கிற வேலைக்குச் சுண்ணாம்பு எதற்கு?

கல் குவாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் இந்த அரங்கிலேயே அந்தத் தொழிலில் இருக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், நேற்று இரவு எனக்குச் சாப்பாடு போட்டதும் அவர்கள்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெடி வைக்கிற பாறையில் வழவழப்பான தளமோ கீறலோ தென்பட்டால், அன்றைக்கு ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு, புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு போன் போடுங்கள். 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம், திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, வழி தெரியாது என்று நீங்கள் யாரும் சொல்ல முடியாது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளைக் காலை வேன் ஏழு மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து புறப்படும். வெயில் ஏறுவதற்குள் ஏழடிப்பட்டத்துக்குப் போய்விட வேண்டும். ஓவியத்தை இறங்கி வந்து பார்த்துக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறலாம், அவசரமில்லை. தண்ணீர் அவரவர் கொண்டு வாருங்கள். டார்ச் நான் கொண்டு வருகிறேன்.